கேத்தே கோல்விட்ஸின் கைகள்

பழுப்புத் தாளில் கரித்துண்டால் வரைந்த தன்னுருவப் படம் ஒன்று இருக்கிறது. 1933ஆம் ஆண்டுப் படம். வரைந்தவர் ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ். அப்போது அவர் 65 வயதைக் கடந்தவர். முகம் பக்கவாட்டில் தெரிகிறது. நெற்றியும் மூக்கும் இறுகிய உதடும் மிகுந்த நிதானத்தோடு தீட்டப்பட்டிருக்கின்றன. எதிரே நிற்கும் பலகையைத் தொடுகிற விரல்களும் அப்படித்தான். கரித்துண்டைப் பிடித்திருக்கும் அந்தப் பிடியில் எத்தனை நளினம்! இப்போது தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே பாருங்கள். அங்கே சட்டைக் கையின் மடிப்பு இல்லை, முழங்கையின் எலும்பு இல்லை. கரித்துண்டின் தட்டையான பக்கத்தால் மேலும் கீழுமாக இழுத்த சில முரட்டுக் கோடுகள், அவ்வளவுதான். சரசரவென்று ஏறி இறங்கி ஓடும் அந்தக் கோடுகள்தான் கை.

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் அது. வாழ்நாள் முழுதும் கைகளை வரைந்து தேர்ந்தவர், இங்கே கையை விட்டுவிட்டு அதில் ஓடும் விசையை மட்டும் வரைந்திருக்கிறார். பார்க்கும் கண்ணுக்கும் வரையும் விரலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதை இதைவிட அழகாகக் காட்டிய ஓவியர் வேறு யார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். 1919இல் பிரஷ்ய கலை அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் கேத்தே. பேராசிரியர் பட்டமும் கிடைத்தது. 1933இல் ஹிட்லர் பதவிக்கு வந்த கையோடு, நாஜிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுசேர வேண்டும் என்ற அறிக்கையில் எழுத்தாளர் ஹைன்ரிஷ் மன்னோடு சேர்ந்து அவரும் கையெழுத்திட்டார். அகாதமியிலிருந்து விலகும்படி இருவரும் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். படத்தில் அதைப் பற்றிய முறையீடு ஒன்றும் இல்லை. ஒரு கிழவி வேலை செய்துகொண்டிருக்கிறாள், அவ்வளவே. அந்தத் தோளிலிருந்து பாயும் கோடுகளை மட்டும் யாராலும் விலக்கிவைக்க முடியாது.

கேத்தேயின் படங்களில் நான் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முகங்கள் பெரும்பாலும் கவிழ்ந்திருக்கும், நிழலில் மூழ்கியிருக்கும், யாரோ ஒருவர் தோளில் புதைந்திருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் கைகளிடம் ஒப்படைத்துவிடுவது அவர் வழக்கம். அதுவும் எப்படிப்பட்ட கைகள்! மெலிந்து நீண்ட சீமாட்டி விரல்கள் அல்ல. துணி துவைத்துக் காய்த்தவை, முட்டி பருத்தவை, உடம்போடு ஒப்பிட்டால் ஒரு சுற்றுப் பெரியவை.

அவர் 1867இல் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் பிறந்தார். அப்பா சட்டம் படித்தவர்; அரசியல் கருத்து ஒத்துவராததால் அந்தத் தொழிலை விட்டுக் கொத்தனாரானவர். கணவர் கார்ல் மருத்துவர். 1891இல் கல்யாணமாகி பெர்லினின் தொழிலாளர் பகுதியான பிரென்ஸ்லாவர் பெர்க்கில் குடியேறினார்கள். ஒரே கட்டடத்தில் வீடும் மருத்துவ நிலையமும். உழைப்பாளிப் பெண்கள் நோயோடு வருவார்கள். சீட்டு வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் உட்கார்ந்து கேத்தேயிடம் தங்கள் பாடுகளைச் சொல்வார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே வீடு. அந்தக் கைகள் அங்கே வந்துபோனவர்களுடையவை.

நாடகாசிரியர் ஹவுப்ட்மன் எழுதிய ‘நெசவாளர்’ நாடகத்தை அவர் 1893இல் மேடையில் பார்த்தார். 1844இல் சைலீசியாவில் பசி தாங்காமல் எழுந்த நெசவாளிகளின் கதை. அதுவரை கையில் இருந்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு இதில் இறங்கினார். 1897இல் ஆறு அச்சுப் படங்கள் முடிந்தன. முதல் படத்தில் நெருக்கடியான ஓர் அறை, பின்னால் தறி. படுக்கையில் சாகக் கிடக்கும் குழந்தை. அதன்மேல் குனிந்த தாய் தலையை இரண்டு கைகளாலும் பற்றியிருக்கிறாள். அந்தத் தறியில் ஓயாமல் ஓடிய கைகளுக்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. ஐந்தாம் படத்துக்கு வந்தால் அதே இனத்துக் கைகள் முதலாளி வீட்டு வாசலில் பாவுகற்களைப் பெயர்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் படத்தில் என்னைக் கட்டிப்போடுவது அந்த இரும்புக் கதவு. எவ்வளவு நுணுக்கமாக, சுருள்சுருளாக, ஆசை ஆசையாக அதை வரைந்திருக்கிறார்! அழகான கதவு அது. அதன் அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது கீழே குனிந்து கல் பொறுக்கும் பெண்ணைப் பார்த்தால் தெரியும். 1898இல் பெர்லின் கண்காட்சியின் நடுவர்கள் இந்த வரிசைக்குத் தங்கப் பதக்கம் பரிந்துரைத்தார்கள். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தர மறுத்துவிட்டார். பதக்கம் இல்லாமலே கேத்தேயின் பெயர் நாடெங்கும் போயிற்று.

அடுத்து வந்தது 1520களின் விவசாயிகள் போரைப் பற்றிய ஏழு படங்கள். 1908இல் நிறைவுற்றன. அதில் ‘வெடிப்பு’ என்ற படத்தில் கறுப்பு ஆன்னா என்ற குடியானவப் பெண் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். முகம் தெரியவே தெரியாது. தலைக்குமேல் உயர்ந்த இரு கைகள். அவற்றின் அசைப்பில் ஒரு கிராமமே அரிவாளும் கம்புமாகப் பாய்ந்து போகிறது. படையை ஏவும் தளபதிகள் எத்தனையோ ஓவியங்களில் குதிரைமேல் வாளோடு வீற்றிருக்கிறார்கள். இங்கே தளபதியின் கையில் ஒன்றுமில்லை. உயர்த்திய வெறுங்கைதான் ஆணை. அச்சுத் தகட்டின் மெழுகுப் பூச்சில் துணியை அழுத்தி எடுத்து, அந்தச் சொரசொரப்பையே மண்ணாகவும் ஆடையாகவும் ஆக்கியிருக்கிறார். தொழில்நுட்பம் தெரியாதவர்கூட அந்தக் கரடுமுரடைக் கண்ணால் தடவிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த வரிசையில் என் மனம் தங்குவது ‘போர்க்களம்’ என்ற 1907ஆம் ஆண்டுப் படத்தில். கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. கண்ணுக்கு இருட்டு பழக வேண்டும், அவசரப்படாதீர்கள். கொஞ்ச நேரத்தில் தரையெங்கும் கிடக்கும் உடல்கள் மெல்லத் தெரிகின்றன. நடுவில் ஒரு வயதான பெண் விளக்கோடு குனிந்திருக்கிறாள். அவள் முகம் இருட்டில். விளக்கு காட்டுவது இரண்டே இரண்டை: இறந்த இளைஞனின் முகத்தை, அவன் மோவாயைத் தொட்டுத் திருப்பும் அவள் கையை. நரம்பு புடைத்த, உழுது களைத்த அந்தக் கை எவ்வளவு மெதுவாகத் தொடுகிறது! இவன்தானா என்று பார்க்கிறாள். ஆம் என்றோ இல்லை என்றோ படம் சொல்லவில்லை. விளக்கொளி அந்தக் கணத்தில் நின்றுவிட்டது. ஏழை விவசாயப் பெண்ணின் மணிக்கட்டுக்கு ரெம்பிராண்ட் தந்திருக்கக்கூடிய ஒளியைத் தந்தவர் கேத்தே.

அந்தப் படம் வந்தபோது அவருடைய இளைய மகன் பீட்டருக்கு 11 வயது. அவனுடைய 7 வயதில் இன்னொரு படத்துக்கு அம்மா அவனையே மாதிரியாக வைத்திருந்தார். ‘இறந்த குழந்தையுடன் பெண்’ என்பது அதன் பெயர். மகனை மடியில் கிடத்திக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைந்தார். சுமையால் அவர் முனகியபோது, கவலைப்படாதே அம்மா, படம் அழகாக வரும் என்று பையன் தேற்றினானாம். படத்தைக் கண்ட தோழி ஒருவர் குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறிப்போனார். பதறத்தான் தோன்றும். சம்மணமிட்டு உட்கார்ந்த அந்தத் தாய், குழந்தையின் மார்பில் முகத்தைப் புதைத்து, தன் உடம்புக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொள்பவளாக அவனை இறுக்குகிறாள். துக்கத்தில் இருக்கும் விலங்குத்தன்மையை இத்தனை நெருக்கத்தில் காட்டத் துணிவு வேண்டும்.

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. 18 வயது பீட்டர் தானாக முன்வந்து படையில் சேரத் துடித்தான். வயது போதாததால் பெற்றோர் சம்மதம் வேண்டும். கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் மன்றாடியவர் கேத்தே. அக்டோபரில் படையணி பெல்ஜியத்துக்குப் போனது. அந்த மாதம் முடியும் முன்பே டிக்ஸ்மைடு அருகே பீட்டர் இறந்துபோனான். அதன்பின் 18 ஆண்டுகள் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றித்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மகனுக்கு ஒரு நினைவுச் சின்னம் செய்ய அதே ஆண்டு டிசம்பரிலேயே எண்ணிவிட்டார். முதல் வடிவத்தில் மகன் கிடந்த கோலத்தில் இருந்தான். தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. செய்தார், கலைத்தார். 1919இல் எல்லாவற்றையும் ஓரம் கட்டினார். பல ஆண்டு கழித்து மறுபடி தொட்டபோது மகனின் உருவத்தை எடுத்துவிட்டார். எஞ்சியவர்கள் பெற்றோர் மட்டும். இதை ஒரு கலைஞரின் வடிவத் தெளிவு என்று விமர்சகர்கள் எழுதுவார்கள், சரிதான். ஆனால் மகனைக் களிமண்ணில் பிசைந்து பிசைந்து, கடைசியில் அவனை விட்டுவிடக் கற்றுக்கொள்ள ஒரு தாய்க்குப் பத்து ஆண்டுக்கு மேல் தேவைப்பட்டது என்றும் அதற்குப் பொருள் உண்டு.

1932 ஜூலையில் பெல்ஜியத்தின் ரோக்கவெல்டு இடுகாட்டில் கிரானைட் சிலைகள் நிறுத்தப்பட்டன. பிறகு கல்லறைகள் இடம்மாறியபோது அவையும் விளாட்ஸ்லோவுக்கு வந்தன. இன்று ஓக் மரங்களின் அடியில் இருக்கின்றன. 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டு உருவங்களும் மண்டியிட்டவை. இரண்டுக்கும் தனித்தனிப் பீடம், நடுவில் இடைவெளி. அந்த இடைவெளிதான் சிலையின் மூன்றாம் உருவம் என்பேன்.

அப்பாவை முதலில் பாருங்கள். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கார்லின் சாயல். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டி, அக்குளில் செருகி, தன்னைத்தானே இறுகப் பிடித்திருக்கிறார். விட்டால் சிதறிவிடுவோம் என்ற பயம் அந்தப் பிடியில் இருக்கிறது. பார்வை தரையில் பதிந்த கல்மேல். அந்தக் கல்லில் மற்றப் பெயர்களோடு பீட்டரின் பெயர். அம்மா அப்படியில்லை. குனிந்து, குறுகி, போர்வைக்குள் ஒடுங்கி, முகத்தோரம் கையை வைத்திருக்கிறாள். கேத்தேயின் முகம்தான் அது. மகன் போக அனுமதி கேட்டு நின்றவள் தலை கவிழ்ந்திருக்கிறாள், மறுத்தவர் நிமிர்ந்திருக்கிறார். இதை அவர் நினைத்துச் செய்தாரா என்று கேட்கத் தேவையில்லை, கல்லில் இருக்கிறது. நிறுவிய நாள்களில் கேத்தே அந்தக் கல் பெண்ணின் முன் நின்று, தன் முகத்தையே பார்த்து அழுது, அதன் கன்னங்களைத் தடவிக்கொடுத்தார். கார்ல் பின்னால் நின்றார். இதைக் கேத்தேயே எழுதி வைத்திருக்கிறார்.

இதற்கு நடுவே வந்தவை ‘போர்’ என்ற ஏழு மரச்செதுக்கு அச்சுகள். 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்காட்சியில் கண்டதும், செப்புத் தகட்டின் மெல்லிய கீறல்கள் தனக்கு இனிப் போதா என்று அவர் உணர்ந்தார். மரத்தில் நடுச்சாயல் கிடையாது. வெட்டினால் வெள்ளை, விட்டால் கறுப்பு. 1922க்குள் முடிந்த இந்த வரிசையில் துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, போர்முனை இல்லை. ‘பெற்றோர்’ என்ற அச்சில் மண்டியிட்ட இருவர் ஒரே கறுப்புப் பாறையாக ஒட்டிப்போயிருக்கிறார்கள். அப்பாவின் ஒரு கை அவர் முகத்தையே மூடியிருக்கிறது. இதே இருவரைத்தான் பிறகு கல்லில் பிரித்துவைத்தார். ‘கைம்பெண்’ என்ற அச்சில் நிறைசூலி ஒருத்தி தனியே நிற்கிறாள். அகன்ற கைகள் தன் உடம்பையே தழுவியிருக்கின்றன. தழுவ வேண்டியவன் வரப்போவதில்லை. ‘தாய்மார்’ என்ற அச்சில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கோட்டையாகிறார்கள். எந்தக் கை யாருடையது என்று பிரித்தறிய முயன்று பாருங்கள், முடியாது. இடுக்கில் குழந்தைகள் எட்டிப் பார்க்கின்றன.

லீப்க்னெக்ட் நினைவு அச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1919 ஜனவரியில் கம்யூனிஸ்ட் தலைவர்களான கார்ல் லீப்க்னெக்டும் ரோசா லக்சம்பர்க்கும் கொல்லப்பட்டார்கள். லீப்க்னெக்டின் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் பிணவறைக்குப் போய் வரைந்தார் கேத்தே. அவர் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனாலும் வரையும் உரிமை தனக்கு உண்டென்று கருதினார். அந்த அச்சில் இறந்தவரைவிட அவர் மார்பில் ஒரு தொழிலாளி வைத்திருக்கும் கனத்த கைதான் என் கண்ணில் நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் வைத்த கை.

நாஜிகளின் காலம் அவரை ஊமையாக்கப் பார்த்தது. 1936இல் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ வீட்டுக்கே வந்து வதைமுகாமுக்கு அனுப்புவோம் என்று மிரட்டியது. அப்போதும் அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. 1938இல் பார்லாக் இறந்தார். அவர் செய்த பறக்கும் தேவதைச் சிலை ஒன்று கூஸ்ட்ரோ தேவாலயத்தில் தொங்கியது. அதற்குக் கேத்தேயின் முகம் வந்து அமைந்திருந்தது. நாஜிகள் அதை இறக்கி உருக்கினார்கள். நண்பருக்காகக் கேத்தே செய்த வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில் தன் முகத்தையே வைத்திருக்கிறார், பாதி மட்டும். ஒரு கை ஒரு கண்ணையும் கன்னத்தையும் மூடியிருக்கிறது. இன்னொரு கை வாயருகே. அழுகையையும் பேச்சையும் அடக்கும் கைகள். அந்நாளைய ஜெர்மனியில் துக்கத்துக்கு அதற்குமேல் இடம் இருக்கவில்லை.

1940இல் கார்ல் போனார். அதன்பின் வந்ததுதான் கேத்தேயின் கடைசிக் கல்லச்சு: ‘விதைநெல் அரைபடக் கூடாது’. மகாகவி கெதேயிடமிருந்து எடுத்த தலைப்பு அது. 1918இலேயே, எஞ்சிய பையன்களையும் போருக்கு அழைத்த ஒரு கவிஞருக்குப் பதிலாக அவர் அதைப் பத்திரிகையில் பயன்படுத்தியிருந்தார். படத்தில் வயதான தாய் இரண்டு கைகளையும் கூரையாக விரித்திருக்கிறாள். தாய்க்கோழியின் சிறகுக்கு அடியில் அடங்காத குஞ்சுகளாக மூன்று பையன்கள் உள்ளே. ஒருவன் முகத்தில் குறும்பு. வெளியே ஓடிப்போகத்தான் பார்க்கிறான், பாவி! அந்தக் குறும்பைக் கேத்தே மறைக்காமல் வரைந்ததில்தான் படத்தின் நேர்மை. போருக்குப் போகும் பையனின் கண் எப்படி மின்னும் என்று அவருக்குத் தெரியும். 1942இல் பேரன் ரஷ்யப் போர்முனையில் இறந்தான். அவன் பெயரும் பீட்டர்.

1943 நவம்பரில் பெர்லின் வீடு குண்டுவீச்சில் எரிந்தது; ஏராளமான படங்கள் அதோடு போயின. அதற்கு முன்பே அவர் ஊரை விட்டுக் கிளம்பியிருந்தார். டிரெஸ்டன் அருகே மோரிட்ஸ்பர்க்கில் 1945 ஏப்ரல் 22 அன்று காலமானார். ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் 16 நாள்கள் இருந்தன.

நான் கடைசியாக வைத்துக்கொண்டது ஒரு சின்ன வெண்கலம். 1937 அக்டோபரில், பீட்டர் இறந்த நாளை ஒட்டி நாட்குறிப்பில் அதைப் பற்றி எழுதுகிறார். வயதான ஒருத்தியைச் செய்யப்போய் அது பியேத்தா (இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியாள்) ஆகிவிட்டது என்று. தரையில் அமர்ந்த தாய். அவள் முழங்கால்களுக்கு நடுவே குறுகிக் கிடக்கும் மகன். தாயின் ஒரு கை தன் வாயருகே. மற்றக் கை மகனின் கையைத் தொட்டிருக்கிறது. இறுக்கவில்லை, இழுக்கவில்லை. 1903இன் தாய் குழந்தையை உடம்புக்குள் திணித்துக்கொள்ளப் பார்த்தாள். இவள் விரல்களை மட்டும் ஏந்தியிருக்கிறாள். இது வலியைக் கடந்த சிந்தனை என்று கேத்தே கருதினார். அந்தத் தொடுகையின் லேசு கைக்கு வர ஒரு கலைஞருக்கு 34 ஆண்டுகள் ஆயின.

அதன் உயரம் 38 சென்டிமீட்டர். 1993இல் ஜெர்மன் அரசு அதை நான்கு மடங்கு பெரிதாக்கி, பெர்லினின் நோயே வாஹே நினைவு மண்டபத்தில், கூரையின் திறந்த வட்டத்துக்கு நேர் கீழே வைத்தது. மழையும் பனியும் அதன்மேல் விழுகின்றன, பார்ப்பவர்கள் நெகிழ்கிறார்கள். நான் அந்த முடிவை ஒப்பவில்லை. மேசைமேல் வைத்து, குனிந்து, மூச்சு படும் தூரத்தில் பார்க்கச் செய்த ஒன்றைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கவைத்தால் விரல்கள் தொலைந்துவிடுகின்றன. பெர்லினுக்குப் போகிறவர்கள் எப்படியும் பெரியதைப் பார்ப்பீர்கள். கொலோன் நகரத்தில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்ச் சிறியதையும் பாருங்கள், கூடுமானவரை கிட்டப் போய்.